உஷார்! ஃபிட்னஸ் டிப்ளமா விற்க வருகிறார்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்து ஒரு வாரம் ஆகியிருக்காது. ஆரல்வாய்மொழியில் வயசுப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் போன் அடிக்கத் தொடங்கிவிடும். பிள்ளையின் பெயரும் எடுத்த மார்க்கும் எதிர்முனைக்காரருக்கு அத்துப்படி. எப்படித் தெரிந்தது என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. இன்ஜினியரிங், நர்சிங், ஹோட்டல் மேனேஜ்மென்ட் என்று பழகிப்போன வலைகளோடு இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது: ஃபிட்னஸ் அண்ட் வெல்னஸ்.

நோட்டீஸைப் பாருங்கள். வழுவழுப்பான தாள். வயிற்றில் ஆறு கட்டு தெரியும் ஒரு வெள்ளைக்காரன் படம். “ஒரே வருடம். யுனிவர்சிட்டி சர்டிஃபிகேட். நூறு சதவீதம் வேலை. துபாய், கத்தார், சிங்கப்பூர்.” அடியில் இரண்டு செல்போன் எண்கள். எந்த யுனிவர்சிட்டி என்று பெரிய எழுத்தில் எங்கும் இருக்காது. கீழ் ஓரத்தில் எறும்பு ஊர்கிற அளவு எழுத்தில் வடமாநிலத்துப் பெயர் ஒன்று இருக்கும். சில நோட்டீஸில் அதுவும் இராது. ‘கவுன்சில்’, ‘போர்டு’, ‘அகாடமி’ என்ற சொற்களோடு முடிந்துவிடும்.

வீட்டுக்கே ஆள் வருகிறது. “அண்ணாச்சி, ஒரு வருஷந்தான். பயலுக்கு உடம்பு நல்லா இருக்கு, அதுவே போதும். நாளைக்கு சீட் முடிஞ்சிரும். இன்னைக்கு அஞ்சாயிரம் போட்டா பேரைப் பதிஞ்சிருவேன்.” அப்பா கேட்கிறார்: “சர்டிஃபிகேட்டு யாரு தருவா?” “யுனிவர்சிட்டிதான் அண்ணாச்சி.” அதோடு பேச்சு முடிகிறது. அடுத்த கேள்வியை நம்மவர்கள் கேட்பதில்லை. அதைக் கேளுங்கள் என்று மன்றாடத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தத் துறை பொய்யென்று நான் சொல்லவில்லை. உடற்பயிற்சி, ஆரோக்கியம் பற்றிய படிப்பு உண்மையான படிப்பு. இன்று அவசியமான படிப்பும்கூட. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். – இண்டியாப் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. நமக்கு அடுத்த வீடான கேரளத்தில் பெரியவர்களில் நூற்றுக்கு 25.5 பேருக்கு அது இருக்கிறது. காலையில் எழுந்து நடப்பவர்களும், ஜிம் தேடிப் போகும் நாற்பது வயதுக்காரர்களும் நாகர்கோவிலில் மட்டுமல்ல, நம் கணவாய்க்கு இந்தப் பக்கமும் பெருகிவிட்டார்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும். வேலை இருக்கிறது. அதனால்தான் அந்த வேலையின் பெயரைச் சொல்லி ஏமாற்றுவதும் எளிதாகிவிட்டது.

நம் ஊர்ப் பிள்ளைகள் இதில் விழுவதற்குத் தனிக் காரணமும் உண்டு. போலீஸ், ராணுவ செலக்‌ஷனுக்காக விடியுமுன் எழுந்து ஓடுகிற பையன்கள் இங்கே அதிகம். முப்பந்தல் காற்று முகத்தில் அறைந்தாலும் ஓட்டத்தை நிறுத்தாத பிள்ளைகள். உயரத்திலோ மார்பளவிலோ ஓரிரு சென்டிமீட்டர் குறைந்து திரும்பி வருகிறவனிடம், “உன் உடம்புக்கு ஏத்த படிப்பு இருக்கு” என்று ஒருவன் சொன்னால் எப்படித் தட்டுவான்? செங்கல் சூளையிலும் தோவாளைப் பூக்கடையிலும் உழைத்த காசு அப்படித்தான் கைமாறுகிறது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ராஜஸ்தானைப் பாருங்கள். 2022-ல் அங்கே அரசுப் பள்ளிகளுக்கு 5,546 உடற்கல்வி ஆசிரியர்களை எடுக்கத் தேர்வு நடந்தது. அந்த வேலைக்கான பி.பி.எட். (உடற்கல்வி) பட்டம் காட்டியவர்களின் சான்றிதழ்களைப் பின்னர் போலீஸின் சிறப்பு நடவடிக்கைக் குழு துருவியபோது, உத்தரப் பிரதேசம் ஷிகோஹாபாத்தில் இயங்கிய ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அங்கே பி.பி.எட்.டுக்கு அனுமதிக்கப்பட்ட இடம் 100. அதன் பட்டத்தைக் காட்டி விண்ணப்பித்தவர்களோ 2,000 பேருக்கு மேல். தேர்வு முடிந்த பிறகு முன்தேதி போட்டுப் பட்டம் அச்சடித்துக் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 2025 மார்ச்சில் அதன் வேந்தரும் பதிவாளரும் ஒரு இடைத்தரகரும் கைதானார்கள். அதற்கு முந்தைய வருடம் ராஜஸ்தான் சூருவில் உள்ள இன்னொரு தனியார் பல்கலைக்கழகமும் இதே வகைப் புகாரில் சிக்கியிருந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். இவை போலிப் பல்கலைக்கழகங்கள் அல்ல. சட்டசபையில் சட்டம் இயற்றி ஆரம்பித்தவை. ஆக, “யுனிவர்சிட்டி உண்மைதானே” என்று ஆறுதல் அடைய முடியாது. பல்கலைக்கழகம் உண்மையாக இருந்தாலும் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு அனுமதி இருக்கிறதா, அந்த ஊரில் நடத்த அனுமதி இருக்கிறதா, எத்தனை இடத்துக்கு என்பது வேறு வேறு கேள்விகள். ராஜஸ்தானில் வழக்கு விற்றவர்களோடு நிற்கவில்லை. பட்டம் வாங்கி வேலையில் சேர்ந்தவர்கள் மீதும் பாய்ந்தது.

முழுப் போலிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1956-ம் வருட யு.ஜி.சி. சட்டத்தின் 22-வது பிரிவுப்படி, மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் உண்டான பல்கலைக்கழகமோ நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ, பாராளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனமோதான் பட்டம் தர முடியும். மற்றவர்கள் ‘பல்கலைக்கழகம்’ என்று பெயர் வைத்துக்கொள்வதே குற்றம். அந்தச் சட்டம் அதற்கு விதிக்கும் அபராதம் எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 1,000 ரூபாய். ஒரு மாணவனிடம் வாங்கும் முன்பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு! இதற்கா அவர்கள் பயப்படுவார்கள்? பயப்பட வேண்டியது நாம்தான்.

மக்களே, ‘ஃபிட்னஸ்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு பாதைகள் இருக்கின்றன. புரோக்கர் மூன்றையும் ஒன்றாகக் குழப்பித்தான் விற்பார். “பி.டி. சார் ஆகலாம், ஜிம் வைக்கலாம், ஆஸ்பத்திரியில டயட்டீஷியனாவும் போகலாம்” என்று ஒரே மூச்சில் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். ஒரு வருட டிப்ளமா எதுவும் இந்த மூன்றுக்கும் சேர்த்து ஆகாது.

முதல் பாதை பி.டி. ஆசிரியர். பள்ளிக்கூடத்தில் அந்த வேலைக்கு, ஆசிரியர் கல்விக்கான தேசியக் கவுன்சிலின் (என்.சி.டி.இ.) அங்கீகாரம் உள்ள கல்லூரியில் படித்த படிப்பு வேண்டும். பி.பி.எட். என்றால் ஒரு டிகிரி முடித்துவிட்டு இரண்டு வருடம். அதில் சேரவும் மாவட்டம், பல்கலைக்கழகம் என்ற அளவிலாவது விளையாடியதற்கான சான்று கேட்பார்கள். பள்ளியில் விளையாடிய சான்றிதழ்களை இன்றே ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். கல்லூரியின் அங்கீகாரம் ஒருமுறை கொடுத்தால் அப்படியே இருந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். செயல்திறன் அறிக்கை தாக்கல் செய்யாத நூற்றுக்கணக்கான ஆசிரியர் கல்வி நிறுவனங்களின் அங்கீகாரத்தை என்.சி.டி.இ. 2025-ல் ரத்து செய்தது. போன வருடம் அண்ணன் படித்த கல்லூரி என்பதற்காக இந்த வருடம் தம்பியைச் சேர்க்க முடியாது. என்.சி.டி.இ. இணையதளத்தில் அந்தக் கல்லூரியின் பெயரும் அந்தப் படிப்பின் பெயரும் இன்றைய தேதியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர் ஆக முதுகலையும், நெட் அல்லது செட் தேர்ச்சியும் வேண்டும்.

முறையாகப் படித்தாலும் சர்க்கார் வேலை காத்துக்கொண்டிருக்கவில்லை என்பதையும் சொல்லாமல் விட்டால் நானும் புரோக்கர் மாதிரி ஆகிவிடுவேன். 2012-ல் தமிழக அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம், தையல், இசை, கணினி ஆகியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பத்து வருடத்துக்கு மேல் போராடியும் பணி நிரந்தரம் கிடைக்காமல், 10,000, 12,500 என்று படிப்படியாகத்தான் ஏறியது. “கவர்ன்மென்ட் வேலை உறுதி” என்று யார் சொன்னாலும் இந்தக் கணக்கை அவர் முன்னால் வையுங்கள்.

இரண்டாவது பாதை ஜிம். இதற்கு நம் நாட்டில் டாக்டருக்கு இருப்பதுபோல் கட்டாய லைசென்ஸ் கிடையாது. அதனால்தான் இங்கே சர்டிஃபிகேட் வியாபாரம் கொழிக்கிறது. மத்திய அரசின் திறன் மேம்பாட்டு ஏற்பாட்டின் கீழ் விளையாட்டு, உடற்கல்வி, ஃபிட்னஸ் துறைக்கென ஒரு திறன் கவுன்சில் இருக்கிறது. அதன் ஃபிட்னஸ் டிரெய்னர் சான்று ஒன்று. ஏ.சி.எஸ்.எம்., ஏ.சி.இ., என்.ஏ.எஸ்.எம். போன்ற அமெரிக்க அமைப்புகளின் சான்றுகளைப் பெரிய ஜிம்கள் மதிக்கின்றன. இவை பட்டம் அல்ல. பரீட்சை எழுதி வாங்கும் தொழில் சான்றுகள். இவற்றைக் காட்டி ‘டிகிரி’ என்று விற்றால் அது ஏமாற்று.

ஜிம் வேலையின் நிஜத்தையும் தெரிந்துகொண்டு போங்கள். விடிகாலை ஐந்து மணிக்குத் திறக்க வேண்டும், பத்து மணிக்கு ஓய்வு, சாயங்காலம் நாலரையிலிருந்து ராத்திரி ஒன்பதரை வரை மறுபடியும். பல இடங்களில் சம்பளம் கொஞ்சம், மீதி கமிஷன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மூடிய ஜிம்கள் தமிழகத்தில் ஆகஸ்ட் 10-ல்தான் திறந்தன. அடுத்த வருடம் இரண்டாம் அலையில் மறுபடி மூடின. கமிஷனை நம்பிப் பிழைத்தவர்கள் அந்த மாதங்களில் என்ன பாடுபட்டார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள்.

மூன்றாவது பாதைதான் மிக ஆபத்தானது. டயட்டீஷியன், பிசியோதெரபிஸ்ட் ஆகியோர் 2021-ம் வருட தேசிய துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்துக்குள் வருகிறார்கள். நோயாளியின் சாப்பாட்டையும் முட்டியையும் தொடும் வேலை. அதற்கு உரிய பட்டமும் பதிவும் வேண்டும். இந்தச் சட்டத்துக்குள் வரும் எந்தப் படிப்பையும் அஞ்சல் வழியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. 2025-ல் உத்தரவிட்டது, அந்த வருட ஜூலை – ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்தே அது அமலுக்கு வந்தது. உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல், கிளினிக்கல் நியூட்ரிஷன், சைக்காலஜி எல்லாம் அதில் அடக்கம். இன்னும் “வீட்டிலிருந்தே நியூட்ரிஷன் டிகிரி” என்று மெசேஜ் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இயற்கை மருத்துவமும் அப்படித்தான். அரும்பாக்கத்து அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியில் பி.என்.ஒய்.எஸ். படிக்க, பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை வருடம் ஆகிறது. ஆறு மாதத்தில் ‘நேச்சுரோபதி டாக்டர்’ ஆக்குகிறேன் என்பவரைப் பற்றிப் போலீஸில் சொல்ல வேண்டும்.

ஒரு சர்டிஃபிகேட்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று யாராவது நினைக்கலாம். அவர்களுக்காக ஒரு கணக்கு. 1985-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், அனுபவமுள்ள பாடி பில்டர்கள் பாரம் தூக்கும்போது அவர்களின் ரத்தக் குழாய்க்குள்ளேயே கருவி வைத்து அழுத்தத்தை அளந்தார்கள். இரண்டு காலாலும் லெக் பிரஸ் தள்ளும்போது சராசரி உச்சம் 320/250. ஒருவருக்கு 480/350-ஐத் தாண்டியது. சாதாரணமாக 120/80 இருக்க வேண்டிய இடத்தில்! மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினால் இன்னும் ஏறும். அவர்கள் பழகிய இளைஞர்கள், தாங்கினார்கள். நாளைக்கு உங்கள் மகன் வேலை பார்க்கும் ஜிம்முக்கு பி.பி. மாத்திரை சாப்பிடும் ஐம்பது வயது வியாபாரி ஒருவர் வருவார். அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும், எதைத் தூக்கச் சொல்லக் கூடாது, மூச்சை எப்போது விடச் சொல்ல வேண்டும் என்று தெரியாத பையன் கையில் அவர் உயிர் இருக்கும். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றில் வருகிற அம்மாவுக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கிக் கை நடுங்கினால் அடுத்த நிமிடம் என்ன செய்வது? உடற்கூறியல், உடலியங்கியல், முதலுதவி என்று வருடக் கணக்கில் படிப்பது இதற்காகத்தான்.

ஆகவே பணம் கட்டுமுன் அந்த இன்ஸ்டிட்யூட்டுக்கு நேரில் போங்கள். ஆபீஸ் அறையின் ஏ.சி.யைப் பார்க்காதீர்கள், லேபைக் காட்டச் சொல்லுங்கள். மனித எலும்புக்கூடு மாதிரி ஒன்றாவது இருக்கிறதா, பி.பி. பார்க்கும் கருவி இருக்கிறதா, தோல் மடிப்பின் கொழுப்பை அளக்கும் காலிப்பர், சைக்கிள் எர்கோமீட்டர் இருக்கின்றனவா, அவற்றில் தூசி படிந்திருக்கிறதா, பிள்ளைகள் கை பட்டிருக்கிறதா? பாடம் எடுப்பவர் என்ன படித்தவர்? போன வருடம் முடித்தவர்கள் மூன்று பேரின் போன் நம்பர் கேளுங்கள். நாலு டம்ப்பெல்லும் ஒரு டிரெட்மில்லும் மட்டும் காட்டினால் அது கல்லூரி இல்லை, ஜிம்.

அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு இன்னும் எளிதான சோதனை ஒன்று இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறதே, “உங்க கோர்ஸுக்கு அந்தப் பணம் வருமா?” என்று கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத இடத்துக்கு வராது. பதிலில் இழுவை கேட்டால் புரிந்துகொள்ளுங்கள்.

அடுத்து, நோட்டீஸில் காட்டும் துபாய் வேலை. சர்டிஃபிகேட்டை வளைகுடாவில் காட்ட வேண்டுமானால் இங்கே அரசு வழியாகச் சான்றொப்பம் வாங்க வேண்டும். பட்டம் கொடுத்ததாகச் சொல்லும் இடத்தில் விசாரிப்பார்கள்; அங்கீகாரமில்லாத தாள் அந்த மேஜையைத் தாண்டாது. வேலைக்கு அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவானவரா என்று பாருங்கள். பதிவான ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். படிப்புக்கும் விசாவுக்கும் சேர்த்து லட்சக்கணக்கில் ‘பேக்கேஜ்’ என்று பேசுகிறவரிடம் கும்பிடு போட்டுவிடுங்கள்.

இதோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு வலை டோர்னமென்ட். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு என்பதைக் காட்டி, “நேபாளத்துல இன்டர்நேஷனல், கோவாவுல நேஷனல்” என்று பிள்ளைகளை ரயில் ஏற்றுகிறார்கள். போக்குவரத்து, டிரெஸ், பதிவுக் கட்டணம் எல்லாம் நம் செலவு. திரும்பி வரும்போது கழுத்தில் மெடல், கையில் சர்டிஃபிகேட், ஊர் முனையில் ஃபிளெக்ஸ். அந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் இல்லையென்றால் அந்தத் தாள் வேலைக்கும் ஆகாது, பி.பி.எட். சேர்க்கைக்கும் ஆகாது. முதலில் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் கேட்டுவிட்டுப் பையை எடுங்கள்.

பெற்றோர் காதில் மட்டும் ஒன்று. பயிற்சி என்ற பெயரில் பிள்ளை ஊசி போட்டுக்கொள்கிறானா என்று பாருங்கள். ஸ்டீராய்டு மட்டுமல்ல, ஆபரேஷன் தியேட்டரில் இறங்கிய ரத்த அழுத்தத்தை ஏற்றப் போடும் மெஃபென்டெர்மின் ஊசி இன்று ஜிம் பையன்களுக்குக் கள்ளத்தனமாக விற்கப்படுகிறது, தமிழகத்திலும் பலர் பிடிபட்டிருக்கிறார்கள். மாணவர்களை வைத்தே புரோட்டீன் டப்பா விற்க வைக்கும் இடத்தில் பாடம் நடக்காது.

சரி, எங்கேதான் படிப்பது? தொலைவில் தேட வேண்டாம். 2005 முதல் இயங்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் சென்னை மேலக்கோட்டையூரில் இருக்கிறது; உடற்கல்வியோடு யோகா, உடற்பயிற்சி உடலியங்கியல், விளையாட்டு உளவியல், விளையாட்டு மேலாண்மை எல்லாம் அங்கே தனித்தனித் துறைகள். நமக்குப் பக்கத்தில் திருச்செந்தூரில் டாக்டர் சிவந்தி ஆதித்தனார் உடற்கல்வியியல் கல்லூரி. மேற்கே போனால் திருவனந்தபுரம் காரியவட்டத்தில் 1985-ல் தொடங்கி இப்போது இந்திய விளையாட்டு ஆணையம் நடத்தும் லட்சுமிபாய் தேசிய உடற்கல்வியியல் கல்லூரி; ஆரல்வாய்மொழியில் காலை ரயிலைப் பிடித்தால் மத்தியானத்துக்குள் நேரில் விசாரித்துவிடலாம். 1920-ல் ஹாரி க்ரோ பக் தொடங்கிய சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி நூறு வயதைத் தாண்டிவிட்டது. இந்த வருடம் எந்தப் படிப்புக்கு எத்தனை இடம், என்ன கட்டணம் என்பதை அந்தந்தக் கல்லூரியின் ஆபீஸிலேயே கேளுங்கள். நடுவில் ஆள் வேண்டாம். இல்லையென்றால் நம் ஊர் அறிஞர் அண்ணா கல்லூரியிலோ நாகர்கோவிலிலோ ஒரு டிகிரியில் சேர்ந்து, விளையாட்டை விடாமல் பிடித்து, ஜிம் டிரெய்னர் சான்றைத் தனியே எழுதி வாங்கலாம். மூன்று வருடத்தில் கையில் பட்டமும் இருக்கும், வழியும் அடைபடாது. எனக்குப் பிடித்த யோசனை இதுதான்.

ஏற்கனவே பணம் கட்டிவிட்டவர்கள் வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். கல்லூரிகள் ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்றும், சேர்க்கை முடியும் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால், சிறு நடைமுறைச் செலவை மட்டும் பிடித்துக்கொண்டு மீதிக் கட்டணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்றும் யு.ஜி.சி. 2018 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. நாள் தள்ளத் தள்ள திரும்பக் கிடைக்கும் தொகை குறையும். கடைசி நாள் கழிந்து 30 நாள் தாண்டினால் ஒன்றும் கிடைக்காது. இன்றைக்கே எழுத்தில் கொடுங்கள். ஆன்லைனில் அனுப்பி ஏமாந்தவர்கள் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். எந்தப் படிப்பு நல்லது என்று சந்தேகம் இருந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417-ல் கேட்கலாம். படித்த பள்ளிக்கூடத்து பி.டி. சாரையும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

இன்று சாயங்காலம் யாராவது முன்பணம் கேட்டு வந்தால், “பல்கலைக்கழகத்தின் பெயர், படிப்பின் பெயர், அங்கீகார உத்தரவின் எண் மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரும், விசாரிச்சிட்டு நாளைக்குச் சொல்லுதேன்” என்று சொல்லுங்கள். எழுதித் தராதவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். பிள்ளையின் ஒரிஜினல் மார்க் ஷீட்டை யார் கையிலும் விட்டுவிட வேண்டாம்.